மேலாளரிடம் மாற்றுக் கருத்துச் சொல்லும் அதபு

ஹிஜ்ரி 2-ல் (கி.பி. 624) பத்ருக் களத்தில் நபி (ஸல்) அவர்கள் ஓரிடத்தில் படையை இறக்கினார்கள். ஹுபாப் இப்னு முன்திர் (ரலி) என்ற அன்சாரித் தோழர் முன்வந்து, "இவ்விடம் அல்லாஹ் காட்டியதா, போர்த் தந்திரம் கருதித் தாங்கள் தேர்ந்ததா?" என்ற கருத்தில் வினவினார் என ஸீரா நூல்கள் கூறுகின்றன. தந்திரம் கருதியதே என்று அறிந்த பிறகுதான் தம் யோசனையைச் சொன்னார்: எதிரிக்கு அருகேயுள்ள கிணற்றடியில் தங்குவோம், மற்றக் கிணறுகளைத் தூர்த்துவிட்டு, நமக்குத் தொட்டி கட்டி நீர் நிரப்புவோம். அது ஏற்கப்பட்டது.

நம் வீட்டுப் பிள்ளைகளில் பலர் இன்று கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுகிறார்கள். சில கம்பெனிகளில் மேலாளரும் கூடவே அமர்ந்து எழுதுவார். சங்கடம் அங்கேதான். அவர் சொல்வது உத்தரவா, சக தொழிலாளியின் அபிப்பிராயமா என்று பிரித்தறிவது கடினம். தாம் எழுதியதன்மீது அவருக்குப் பாசமும் இருக்கும், யாருக்குத்தான் இல்லை!

சம்பளக் கணக்கு ஒன்றை மேலாளர் எழுதியிருக்கிறார் என்று கொள்வோம். ரூபாயைத் தசமப் புள்ளி எண்ணாக வைத்திருக்கிறார். கம்ப்யூட்டர் அத்தகைய எண்களை இரண்டின் அடிப்படையில் வைப்பதால், 0.1 என்பது அதில் சரியாக அடங்காது. 10 பைசாவைப் பத்து முறை கூட்டினால், 1 ரூபாய்க்குப் பதில் 0.9999999999999999 என்று நிற்கும். பைசாவுக்குக் கீழுள்ளதை வெட்டிவிட்டால் 99 பைசாதான். குறைந்த அந்தப் பைசா ஒரு தொழிலாளியின் ஹக்கு அல்லவா?

பிள்ளை என்ன செய்ய வேண்டும்? பலர் முன்னிலையில் "இது தப்பு" என்று ஆரம்பிக்க வேண்டாம். தனியே சென்று ஹுபாபின் (ரலி) கேள்வியையே கேட்கட்டும்: "சார், இப்படித்தான் வேண்டுமென்று வாடிக்கையாளர் கேட்டாரா, நாமே தேர்ந்ததா?" நாமே தேர்ந்தது என்றால், அந்தப் பத்து முறைக் கூட்டலைக் கம்ப்யூட்டரிலேயே ஓட்டிக் காட்டட்டும். எல்லாத் தொகையையும் பைசாவாக, முழு எண்ணாக வைத்தால் இந்தக் கூட்டல் பிசகாது என்பதையும் காட்டட்டும். வாதத்தைவிட விடையைக் கண்ணால் பார்ப்பது எளிதில் மனத்தை மாற்றும்.

பெயர் வைப்பது, வரிகளை உள்தள்ளி எழுதுவது போன்றவற்றில் மேலாளர் விருப்பப்படியே விட்டுவிடலாம். அதற்கெல்லாம் மல்லுக்கு நிற்பவர்களும் இருக்கிறார்கள். உஹதுக்கு முன், மதீனாவுக்குள்ளேயே இருந்து போரிடலாம் என்பது நபி (ஸல்) அவர்களின் விருப்பம். இளைஞர்கள் வெளியே செல்ல விரும்பியதால் இசைந்தார்கள். கவசம் அணிந்த பின் இளைஞர்களே தயங்கியபோதும் முடிவை மாற்றவில்லை.

பிறர் பணம் குறையும் விஷயம் அத்தகையதல்ல. மேலாளர் மறுத்தாலும், பிள்ளை அதைத் தேதியிட்டு எழுத்தில் அவரிடம் கொடுத்து, ஒரு பிரதியைத் தன்னிடம் வைத்துக்கொள்ளட்டும்.