காத்து எங்க இருக்கு?

கேள்வி: அண்ணே, எனக்கு ஊர் பாம்பன். ராமநாதபுரத்தில் பி.சி.ஏ. கடைசி வருஷம் படிக்கிறேன். அப்பா நாட்டுப்படகுக்குப் போகிறார், அம்மா பாசி எடுக்கப் போகிறார். போனில் கேம் விளையாடினால் வீட்டில் திட்டு விழுகிறது. அதே வீட்டில் ராத்திரி எல்லாரும் உட்கார்ந்து படம் பார்க்கிறோம். படம் நல்லது, கேம் கெட்டது என்பது சரியா? கேம் செய்கிறவரான உங்களுக்குப் பிடித்த படம், பிடித்த கேம் எவை? நம் கடலை வைத்து ஒரு கேம் செய்ய எனக்கு ஆசை. அது நன்றாக வருமா?

பதில்: அன்புத் தங்கைக்கு,

வரும். எப்படி வரும் என்பதைச் சொல்லத்தான் பிடித்த படத்தையும் பிடித்த கேமையும் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் வீட்டுத் திட்டு. காசு கட்டி ஆடும் ஆட்டங்களைப் பற்றி அப்பா பயந்தால் அந்தப் பயம் நியாயமானது. எத்தனையோ குடும்பங்கள் அதில் நொடித்துப் போயின. அந்த ஆட்டங்களுக்குத் தடை போட்டு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டமே இயற்றியது. அது வேறு, நீங்கள் செய்ய நினைக்கும் கேம் வேறு. இதை அப்பாவிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

நம் கரையைக் காட்டிய படங்களில் என் மனசை விட்டுப் போகாதது மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002). கடல் தாண்டி வந்த ஒரு பெண், ராமேஸ்வரத்தில் பிள்ளையைப் பெற்றுவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறாள். வளர்ந்த பிள்ளை அவளைத் தேடுகிறது. எத்தனை தடவை பார்த்தாலும் அந்தத் தாயை நம்மால் தடுக்க முடியாது. நடப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், அதுதான் சினிமாவின் பலம்.

கேமில் கை சும்மா இருக்காது. லூகஸ் போப் 2013-ல் வெளியிட்ட 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' கேமில், ஒரு கற்பனை நாட்டின் எல்லைச் சாவடியில் நீங்கள்தான் அதிகாரி. புருஷனுடைய காகிதங்கள் சரியாக இருக்கின்றன, அவனை அனுப்பிவிடுகிறீர்கள். பின்னால் வரும் மனைவியிடம் ஒரு காகிதம் குறைகிறது. இரக்கப்பட்டு விடலாம். இப்படித் தொடர்ந்து விட்டால் சம்பளத்தில் பிடிப்பார்கள், உங்கள் வீட்டில் பிள்ளை பட்டினி கிடக்கும். நான் மண்டபம் அகதிகள் முகாமைப் பார்த்து வளர்ந்தவன். அந்த ரப்பர் முத்திரையைக் கையில் பிடித்தபோது, முகாம் வாசலில் வரிசையில் நின்றவர்களின் முகம் ஒவ்வொன்றாக வந்தது. முடிவெடுத்தது நான் என்பதால் அந்தக் கனம் இன்னும் இறங்கவில்லை.

கேமை மதித்து எடுத்த தமிழ்ப் படம் எது என்று கேட்டால் அஸ்வின் சரவணனின் 'கேம் ஓவர்' (2019) என்பேன். டாப்ஸி அதில் கேம் வடிவமைப்பாளர். ஒரு உயிர் போனால் இன்னொன்று உண்டு, முன்பு தவறியது எங்கே என்பது நினைவிருக்கும் என்ற கேமின் அடிப்படை விதியை எடுத்துக் கதைக்கே முதுகெலும்பாக வைத்தார்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க வேண்டிய படம், அம்மாவோடு பார்க்காதீர்கள்.

இப்போது பிடித்த கேம். யோசிக்கவே வேண்டாம், 'வெண்பா'. டொரண்டோவில் உள்ள விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்டது. 1980-களில் கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பம். வெண்பா, புருஷன் பாவலன், மகன் கவின். 2024-ல் அறிமுகக் கேமுக்கான பாஃப்டா விருது இதற்குக் கிடைத்தது. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அதில் துப்பாக்கி கிடையாது, ஓட்டப் பந்தயம் கிடையாது. அம்மா கொடுத்த சமையல் குறிப்பேடு கிழிந்தும் கறைபட்டும் இருக்கிறது. அழிந்துபோன வரியில் என்ன இருந்திருக்கும் என்று நீங்கள் யோசித்து இட்லித் தட்டை அடுக்க வேண்டும். ஊரை விட்டு வந்தவளுக்கு எது கைநழுவிப் போயிற்று என்பதை ஒரு வசனமும் சொல்லாமல், இட்லிப் பானை சொல்லிவிடுகிறது. ஒரு தமிழ் அடுக்களை வேலையே கேமாக முடியும் என்றால் நம் கடல் வேலை ஏன் ஆகாது?

கடல் கேம்கள் ஏற்கெனவே நிறைய உண்டு. நியூசிலாந்தில் செய்த 'டிரெட்ஜ்' எனக்குப் பிடிக்கும். பிடித்த மீன் ஒவ்வொன்றும் ஒரு வடிவம், அதைப் படகின் அறையில் இடம் பார்த்துத் திருப்பித் திருப்பி அடுக்க வேண்டும். ஐஸ் பெட்டி நிரப்பியவர்களுக்கு இது புரியும். கொரியாவின் 'டேவ் தி டைவர்' கேமில் ஆக்சிஜன்தான் உயிர், அடிபட்டாலும் அதுதான் குறையும். அதை ஆடும்போதெல்லாம் எனக்குச் சின்னப்பாலத்துப் பெண்கள் ஞாபகம்தான். ஆக்சிஜன் குடுவை கிடையாது. கண்ணாடி மாட்டி, விரலில் துணி சுற்றி, மூச்சைப் பிடித்து மரிக்கொழுந்து பாசிக்கு முங்குகிறார்கள். அந்தக் கேமின் அளவுமானி உங்கள் அம்மாவின் நெஞ்சுக்குள் இருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன் நானும் ஒரு மீன்பிடி கேமின் முதல் வடிவத்தைச் செய்து, பாம்பனில் இருக்கும் மாமாவிடம் போனைக் கொடுத்தேன். இரண்டு நிமிஷம் ஓட்டிப் பார்த்தார். "மாப்ள, காத்து எங்க இருக்கு?" என்றார். என் திரையில் வலை நேராக இறங்கியது, படகு நின்ற இடத்தில் நின்றது. அவர் ஒன்றும் சொல்லாமல் என்னைக் கூட்டிப் போய், ஒரு நரம்பில் ஈயக்குண்டைக் கட்டித் தண்ணீரில் விட்டார். மேலே அலை கிழக்கே போய்க்கொண்டிருந்தது. நரம்பு மேற்கே சாய்ந்தது. "மேத்தண்ணி ஒரு பக்கம், அடித்தண்ணி ஒரு பக்கம். இந்த நீவாட்டைப் பாக்காம எவன் வலை விடுவான்?" என்றார். அன்றைக்கு ராத்திரியே அந்தக் கேமை அழித்துவிட்டு மறுபடி தொடங்கினேன்.

நம் கடல் கேமின் விதிகள் நம் ஆட்கள் வாயில் ஏற்கெனவே இருக்கின்றன. கச்சானும் சோழகமும் அடிக்கும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடலில் தொழில் நடக்கும். வாடை அடித்தால் நிலைமை தலைகீழ். ஒரே தீவு, இரண்டு கடல், எந்தப் பக்கம் இறங்குவது என்பதுதான் ஒவ்வொரு நாளும் முதல் முடிவு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அதைக் கேமில் தாண்டிப் போகும் பொத்தான் வைக்காதீர்கள், அந்த 61 நாளும் அடுப்பு எரிய வேண்டும். பிறகு, எல்லைக்கோடு. பாக் நீரிணையில் 1974-ல் ஒப்பந்தம் போட்டு வரைந்த கோடு தண்ணீரில் தெரியாது. வலையை இழுத்துக்கொண்டிருக்கிற விசைப்படகால் சட்டென்று திரும்ப முடியாது, நீவாடு ஒரு பக்கம் தள்ளும், இறால் இருப்பது கோட்டுக்கு அந்தப் பக்கம். இந்த நேரத்தில் ஆடுகிறவர் கையில் முடிவைக் கொடுங்கள். கடற்படையைச் சுடும் கேம் மட்டும் வேண்டாம். கடலில் உறவைப் பறிகொடுத்த வீடுகள் நம் தெருக்களில் இருக்கின்றன. அவர்களும் ஆடிப் பார்க்கத் தகுந்ததாக அது இருக்க வேண்டும்.

கருவிக்குச் செலவில்லை. கோடோ என்ற இலவச மென்பொருள் போதும். 2023-ல் வந்த நான்காம் பதிப்பையோ அதற்குப் பிந்தியதையோ எடுங்கள். பழைய பதிப்பில் 'கொண்டல்' என்று எழுதினால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் விழும். நம் காற்றின் பெயரே திரையில் உடைந்து தெரிந்தால் மனசு தாங்காது.

அடுத்த அமாவாசையை ஒட்டி அம்மா பாசிக்குப் போகும்போது கூடப் போங்கள். ஒரு தடவை முங்கினால் எத்தனை எண்ணும் வரை உள்ளே இருக்கிறார், மேலே வந்ததும் முதலில் மூச்சு வாங்குகிறாரா, கையில் இருப்பதைப் பையில் போடுகிறாரா, காலையில் முதல் முங்கலுக்கும் மத்தியானம் கடைசி முங்கலுக்கும் எண்ணிக்கை எவ்வளவு குறைகிறது என்று ஒரு நோட்டில் குறித்து எனக்கு அனுப்புங்கள். அந்த எண்களை வைத்து முதல் வடிவத்தைச் சேர்ந்து செய்யலாம்.