பழைய அம்பாசிடரை ஆட்டோமேட்டிக் ஆக்கலாமா? கடலூர், சிதம்பரம்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

கடலூரிலும் சிதம்பரத்திலும் அப்பா காலத்து அம்பாசிடரையோ பத்மினியையோ விற்க மனமில்லாமல் ஓடும் நிலையில் வைத்திருப்பவர்கள் உண்டு. வண்டியோடு சேர்ந்து ஓட்டுகிறவருக்கும் வயதாகிவிட்டது. லாரன்ஸ் ரோட்டில் ஒரு சாயங்காலம் ஊர்ந்தாலும், ஆனித் திருமஞ்சனக் கூட்டத்தில் தேரோடும் வீதிப் பக்கம் மாட்டிக்கொண்டாலும், கிளட்ச்சை மிதித்து மிதித்தே இடது முழங்கால் வீங்கிவிடுகிறது. "ஆட்டோமேட்டிக் கியர் போட்டுவிடலாமா?" என்ற கேள்வி அப்போதுதான் வருகிறது. இதற்கு நான்கு வழிகள் உண்டு. வலி வலது முழங்காலில் என்றால் மட்டும் இவற்றில் எதுவும் பெரிதாக உதவாது. பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் அந்தக் காலுக்குத்தான்.

1. இருக்கும் கிளட்ச்சைச் சரிசெய்தல்

முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பெடல் கல்லாக இருப்பதற்குப் பல நேரம் காரணம் தேய்மானம்தான். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒன்றாக மாற்றி, பெடலிலிருந்து ஃபோர்க் வரை உள்ள இணைப்புகளில் துருவை நீக்கி கிரீஸ் வைத்தாலே கால் பாரம் நன்றாகக் குறையும். எஞ்சின் மவுண்டிங் ரப்பர் நைந்திருந்தால் கிளட்ச் விடும்போது வண்டி உதறும். அதையும் கையோடு மாற்றிவிடுங்கள். கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலிதான் பெரிய செலவு. வேலை தெரிந்த பழைய மெக்கானிக் உள்ளூரிலேயே கிடைப்பார்.

2. ஆட்டோ கிளட்ச்

கியர்பாக்ஸ் அப்படியே இருக்கும். பெடலை மிதிக்கும் வேலையை மட்டும் ஒரு மோட்டாரோ வேக்குவம் கருவியோ செய்யும். கியர் லீவரைக் கை தொட்டதும் கிளட்ச் தானே விலகும். இது புதிய யோசனையல்ல. அம்பாசிடருக்கு மூலமான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் சீரிஸிலேயே, 1950-களில், 'மானுமேட்டிக்' என்ற பெயரில் கிளட்ச் பெடல் இல்லாத அமைப்பு இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. மாற்றுத்திறனாளிகளுக்காக இந்தியாவில் பொருத்தித் தருகிற கிட்டுகளும் இந்த வகைதான்.

இதில் பெரிய லாபம், எதையும் வெட்ட வேண்டியதில்லை; கழற்றினால் வண்டி பழையபடி ஆகிவிடும். பெடலை அகற்றாமல் விட்டால், பேட்டரி இறங்கிய நாளில் தள்ளி ஸ்டார்ட் செய்யவும் வழி உண்டு. நம் ஊருக்கு ஒரு எச்சரிக்கை: 2015 வெள்ளத்தைப் பார்த்த கடலூரில், கண்ட்ரோல் பெட்டியைத் தரையோரம் வைக்க விடாதீர்கள். டேஷ்போர்டுக்கு உள்ளே உயரமாகப் பொருத்தச் சொல்லுங்கள். வயர் இணைப்புகளை உப்புக் காற்று அரிக்காமல் மூடவும் சொல்லுங்கள்.

3. முழு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்

கேட்பதற்குச் சுலபமான வழி. வண்டிக்கு அடியில் போய்ப் பார்த்தால்தான் வேலையின் அளவு தெரியும். அம்பாசிடரும் பத்மினியும் பின்சக்கரம் இழுக்கும் வண்டிகள். 2014-ல் செலேரியோ காரில் வந்தது போன்ற முன்சக்கர ஏ.எம்.டி. (கிளட்ச்சும் கியரும் தானே இயங்கும் மேனுவல்) பெட்டி இவற்றில் உட்காராது. பின்சக்கர வண்டியின் ஆட்டோமேட்டிக் பெட்டியைத் தேடிப் பிடிக்க வேண்டும். பிடித்த பிறகு, எஞ்சினோடு இணைக்க அடாப்டர் பிளேட் கடைய வேண்டும். ஃப்ளைவீலை எடுத்துவிட்டு ஃப்ளெக்ஸ் பிளேட் போட வேண்டும். டார்க் கன்வெர்ட்டர் பருமனானது என்பதால் தரையின் நடு மேட்டை வெட்டி அகலப்படுத்த வேண்டியிருக்கும். கிராஸ் மெம்பர் இடம் மாறும், புரொப்பல்லர் ஷாஃப்டின் நீளம் மாறும், ஆயிலுக்குத் தனி கூலர் வேண்டும். கடலோர வண்டிகளின் தரைத்தகடு ஏற்கெனவே துருவில் மெலிந்திருக்கும். அதில் வெட்டும் வெல்டிங்கும் ஆபத்தான வேலை.

இவ்வளவும் செய்த பின் ஓட்டம் எப்படி இருக்கும்? 1489 சி.சி. பெட்ரோல் அம்பாசிடருக்கு இருப்பதே ஐம்பது குதிரைத்திறனை ஒட்டிய சக்தி. அதில் ஒரு பங்கை டார்க் கன்வெர்ட்டர் தின்றுவிடும். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாகப் போகும்போது லாரியை முந்த யோசிக்க வேண்டியிருக்கும். எஞ்சின் பிரேக்கிங்கும் குறையும். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் உள்ள வண்டிக்கு அது சின்ன விஷயமல்ல. பிரேக்கை மேம்படுத்தாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது.

4. இரண்டாவது வண்டி

தினசரி ஓட்டத்துக்கு ஒரு பழைய ஏ.எம்.டி. காரை வாங்கிக்கொண்டு, அம்பாசிடரை ஞாயிற்றுக்கிழமைக்கும் விசேஷங்களுக்கும் வைத்துக்கொள்வது. முழு மாற்றத்துக்கான செலவைக் கணக்கிட்டுப் பார்த்தால் பல குடும்பங்களுக்கு இதுவே கட்டுபடியாகும். நிறுத்த இடம் வேண்டும் என்பதுதான் குறை.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மாற்றுத்திறனாளிக்காகச் செய்யும் மாற்றத்துக்கு முறையான வழி இருக்கிறது. எதுவானாலும் வேலை தொடங்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளுங்கள். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள்.

2021 விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டி, அசல் வடிவம் மாறாத வண்டியை 'விண்டேஜ்' எனப் பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருந்தால் அந்தத் தகுதி போய்விடும். அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, ராலி, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம் என்பதையும் மனதில் வையுங்கள்.

எது யாருக்கு?

• லேசான முழங்கால் வலி, எப்போதாவது ஓட்டம்: கிளட்ச் சீரமைப்பு போதும்.
• இடது கால் நிரந்தரமாக ஒத்துழைக்கவில்லை, ஆனால் இந்த வண்டியைத்தான் ஓட்ட வேண்டும்: அனுமதியோடு ஆட்டோ கிளட்ச்.
• தினமும் நெரிசலில் ஓட்டம்: இரண்டாவது வண்டி.
• முழு ஆட்டோமேட்டிக்: தரை ஏற்கெனவே வெட்டப்பட்டு அசல் நிலையை இழந்த வண்டிக்கு மட்டும், அனுமதி கிடைத்தால்.

2014-ல் அம்பாசிடர் உற்பத்தி நின்றுவிட்டது. இனி இருப்பவை இருப்பவைதான். உங்கள் பிள்ளை நாளை பழையபடி திருப்பிக்கொள்ள முடிகிற மாற்றத்தை மட்டும் செய்யுங்கள்.