தரையைக் கேட்டு வாங்கு

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய வீடியோ வந்தது. பிரேக்கிங்கின் பேபி ஃப்ரீஸில் நின்றாய், சரிந்தாய், சிரித்தாய். சரிந்ததற்குக் காரணம் கையில் பலம் இல்லாதது அல்ல. முழங்கை வயிற்றோரம் ஒட்டவில்லை, அவ்வளவுதான். இடுப்பெலும்புக்குச் சற்று மேலே முழங்கையைப் பதித்துக்கொண்டால் உடம்பின் பாரம் எலும்பு வழியாகவே தரைக்கு இறங்கிவிடும். தசைக்கு வேலை குறைவு. மற்ற கையும் தலையின் ஓரமும் முட்டுக் கொடுக்கும். இதை முதலில் எழுதக் காரணம் உன் அப்பா. போனில் கூப்பிட்டு, "பொம்பளப் பிள்ளைக்கு அந்த ஆட்டத்துக்கான கைபலம் வராது, நீ பி.டி. டீச்சர், நீ சொன்னா கேப்பா" என்றார். அண்ணன் சொன்னதைக் கேட்டுத்தான் இந்தக் கடிதம். அவர் எதிர்பார்த்த கடிதம் இதுவாக இருக்காது.

கைபலம் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். விண்ட்மில், ஹெட்ஸ்பின் மாதிரியான பவர் மூவ்களுக்குத் தோளும் வயிறும் இறுக வேண்டும், பயிற்சியில் இறுகும். ஆனால் ஆட்டம் அது மட்டும் அல்ல. நின்றபடி ஆடும் டாப்ராக், கையூன்றிக் காலால் சுற்றும் ஃபுட்வொர்க், உறைந்து நிற்கும் ஃப்ரீஸ், இவை எல்லாம் சேர்ந்ததுதான் பிரேக்கிங். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நடுவர்கள் எதற்கு மதிப்பெண் போட்டார்கள் தெரியுமா? நுட்பம், அசைவுகளின் வளம், செய்நேர்த்தி, இசையோடு ஒன்றுதல், தனித்தன்மை. ஐந்துக்கும் சமப் பங்கு. எந்தப் பாட்டு வரும் என்று ஆடுபவருக்கு முன்கூட்டியே தெரியாது, டி.ஜே. போடுகிற தாளத்துக்கு அந்த நொடியில் உடம்பு பதில் சொல்ல வேண்டும். அங்கே தங்கம் வாங்கியவர் ஜப்பானின் அமி யுவாசா. வெள்ளி, லித்துவேனியாவின் நிக்கா. அப்போது அவளுக்கு வயது 17. வெண்கலம், சீனாவின் லியு சிங்யி.

ஆனால் அந்தப் போட்டியிலிருந்து உன் வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் இவை மூன்றும் அல்ல. ஆஸ்திரேலியாவின் ரேகன். மூன்று ஆட்டங்களிலும் ஒரு ஓட்டுக்கூட வாங்காமல் தோற்றவர். அவரை வைத்து உலகமே சிரித்தது. சிரித்தவர்களில் எத்தனை பேர் அமி ஆடியதைப் பார்த்திருப்பார்கள்? ஒரு ஆண் மோசமாக ஆடினால் அவன் மோசமாக ஆடினான் என்பார்கள். ஒரு பெண் மோசமாக ஆடினால் பெண்களின் பிரேக்கிங்கே வேடிக்கை ஆகிவிடுகிறது. பள்ளி மேடையில் நீயும் இதைச் சந்திப்பாய். "பொண்ணா இருந்தும் நல்லா ஆடுறா" என்று பாராட்டுவார்கள். அதையும் பாராட்டாக எடுத்துக்கொள்ளாதே.

இந்தக் கலாசாரத்தில் பெண்கள் நேற்று வந்து சேர்ந்த விருந்தாளிகள் என்றுதான் பொதுவாக நினைக்கிறார்கள். வரலாறு வேறு. 1973 ஆகஸ்ட் 11. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதி, 1520 செட்விக் அவென்யூ. அடுக்குமாடிக் கட்டடத்தின் பொது அறையில் ஒரு பார்ட்டி. ஹிப் ஹாப் பிறந்த இரவு என்று அதைத்தான் சொல்கிறார்கள். பாட்டின் நடுவே தாளம் மட்டும் ஒலிக்கும் துண்டை, ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளைக் கொண்டு நீட்டிக்கொண்டே போகும் வித்தையால் புகழ் பெற்ற டி.ஜே. கூல் ஹெர்க், அன்று இசை போட்டார். அந்தத் துண்டின் பெயர் பிரேக். அது வரும்போது இறங்கி ஆடியவர்கள் பி-பாய், பி-கேர்ள். சரி, பார்ட்டியை நடத்தியது யார்? ஹெர்க்கின் தங்கை சிண்டி கேம்ப்பெல். பள்ளி திறக்கப் போகிறது, புதுத் துணி வாங்கக் காசு வேண்டும். அறையைப் பிடித்து, பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் என்று நுழைவுக் கட்டணம் வைத்து நடத்தினாள். ஊரெல்லாம் அண்ணனை ஹிப் ஹாப்பின் தந்தை என்கிறது. அறையைப் பிடித்த தங்கையின் பெயர் இரண்டாவது வரியில்தான் வரும்.

அதற்குப் பிறகும் அதே கதைதான். ஃபங்கி 4+1 என்று ஒரு குழு. அந்த '+1' ஷா-ராக் என்ற பெண். பி-கேர்ளாகத் தொடங்கி மைக்கைப் பிடித்தவள். 1981-ல் அமெரிக்காவின் சாட்டர்டே நைட் லைவ் நிகழ்ச்சியில் அந்தக் குழு பாடியது. குழுவின் பெயரிலேயே அவளைக் கூட்டல் குறி போட்டுத்தான் சேர்த்திருந்தார்கள், பார். ராக் ஸ்டெடி க்ரூ என்ற பிரேக்கிங் குழு 1983-ல் வெளியிட்ட பாட்டில் முன்குரல் பேபி லவ் என்ற டெய்சி காஸ்ட்ரோவுடையது. பிரேக்கிங் பற்றி முதன்முதலில் பத்திரிகையில் விரிவாக எழுதியவர் சாலி பேன்ஸ், படம் எடுத்தவர் மார்த்தா கூப்பர், இருவருமே பெண்கள். ஆடியும் பாடியும் எழுதியும் படம் பிடித்தும் இருந்திருக்கிறார்கள். போட்டி மேடைதான் தாமதமாகத் திறந்தது. ரெட் புல் பி.சி. ஒன் என்ற பிரேக்கிங் போட்டி 2004-ல் தொடங்கியது; இறுதிச் சுற்றில் முதல் பெண்ணாக ஜப்பானின் அயுமி ஆடியது 2017-ல். பெண்களுக்கென்று தனிப் பட்டம் வந்தது அதற்கு அடுத்த ஆண்டு. முதல் பட்டம் அதே அமிக்கு. தனிப் பிரிவு நல்லதா என்று என்னைக் கேட்டால், இப்போதைக்கு நல்லது. எட்டுப் பெண்கள் ஒருவரோடொருவர் மோதுவதைப் பார்த்தால்தான் ஒன்பதாவது பெண் பயிற்சிக்கு வருவாள்.

நம் பக்கத்தில் பிரேக் டான்ஸ் சினிமா வழியாக வந்தது. எண்பதுகளில் ஆனந்த்பாபு, பிறகு பிரபுதேவா. தரையில் உருண்டது நாயகன். நாயகி பக்கத்தில் நின்று இடுப்பை அசைத்தாள். தீவுத்திடல் பொருட்காட்சியில் தலைசுற்ற வைக்கும் ராட்டினத்துக்குக்கூட 'பிரேக் டான்ஸ்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்! இன்று பெங்களூரின் ஜோஹானா ரோட்ரிக்ஸ் (பி-கேர்ள் ஜோ), மும்பையின் சித்தி தாம்பே (பி-கேர்ள் பார்-பி) இருவரும் பி.சி. ஒன் இந்தியச் சுற்றுகளில் வென்றவர்கள். ஜோ யோகா ஆசிரியரும்கூட. இதை உன் அம்மாவிடம் சொல், கொஞ்சம் இறங்கி வருவார்.

தமிழ்நாட்டில் உனக்கு நெருக்கமான முன்மாதிரி வேண்டுமென்றால் நான் காட்டுவது பி-கேர்ளை அல்ல, திண்டுக்கல்லை. அங்கே சகோதரி சந்திரா உருவாக்கிய சக்தி நாட்டுப்புறக் கலை மையத்தில் தலித் இளம்பெண்கள் பறை அடித்து ஆடுகிறார்கள். சாவுக்கு அடிப்பது, தீண்டத்தகாதது என்று ஒதுக்கப்பட்ட கருவி; அதிலும் அது ஆண்கள் கையில் இருந்தது. அதைப் பெண்கள் தோளில் மாட்டி, வட்டமாகச் சுற்றி, குனிந்து எழுந்து அடவு போடுகிறார்கள். பிராங்ஸின் ஏழைக் கறுப்பினப் பிள்ளைகளும் போர்ட்டோ ரிக்கப் பிள்ளைகளும் ஆடிய வட்டத்தைச் சைஃபர் என்பார்கள். இரண்டு வட்டத்துக்கும் கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லை. ஆனால் கீழே தள்ளப்பட்டவர்கள் தாளத்தை வைத்து நிமிர்வது என்றால் என்ன என்று அந்தப் பெண்களைப் பார்த்தால் உனக்குப் பாடம் எடுக்காமலே விளங்கும். யூடியூபில் இருக்கிறது, பார்.

வட்டத்துக்குள் நுழைவதற்கே விலை கொடுத்தவர்களும் உண்டு. மனிஷா தலாஷ் காபூலில் பையன்கள் குழுவில் பிரேக்கிங் கற்றவள். 2021-ல் தாலிபான் திரும்பி வந்ததும் பாகிஸ்தான் வழியாக ஸ்பெயினுக்குத் தப்பினாள். பாரிஸில் அகதிகள் அணிக்காக ஆடும்போது ஆப்கன் பெண்களை விடுவியுங்கள் என்று எழுதிய துணியை விரித்தாள். அரசியல் வாசகத்துக்கு அனுமதி இல்லை என்று தகுதி நீக்கம் செய்தார்கள். எதிரே நின்றது நெதர்லாந்துப் பெண், பெயர் இந்தியா.

உனக்கு அந்த அளவு ஆபத்து இல்லை. தாம்பரத்தில் உன் தடை வேறு, சின்னது, அதனாலேயே யாரும் அதைத் தடை என்று சொல்வதில்லை. பையன்கள் கடை மூடிய பிறகு ஏதாவது ஒரு காம்ப்ளக்ஸின் வாசலிலோ பார்க்கிங்கிலோ இரவு பத்து மணிவரை விழுந்து எழுகிறார்கள். நீ கேம்ப் ரோடு டியூஷன் முடிந்து ஏழு மணிக்கு வரவில்லையென்றால் போன் வந்துவிடும். மாநகராட்சிப் பூங்காவில் தலைகீழாக நின்றால் நடைப்பயிற்சி மாமாக்கள் நின்று பார்ப்பார்கள். ஒரே வயது, ஒரே தோள். பையனுக்கு வாரத்தில் பத்து மணி நேரம் தரை கிடைக்கிறது, உனக்கு ஒன்று. ஒரு வருடம் கழித்து இருவரையும் நிறுத்திப் பார்த்துவிட்டு, பெண்ணுக்குக் கைபலம் இல்லை என்கிறார்கள். அண்ணன் சொல்லும் கைபலத்தின் கதை இதுதான்.

அதனால் நீ முதலில் கேட்க வேண்டியது ஷூ அல்ல, தரை. உங்கள் ஃபிளாட்டின் தரைத்தளத்தில் அசோசியேஷன் ஹால் இருக்கிறது. கூட்டமும் நவராத்திரிக் கொலுவும் போக, வருடம் முழுக்கப் பூட்டித்தான் கிடக்கிறது. சிண்டி பிடித்ததும் அந்த மாதிரி அறைதான். செயலாளர் பெயருக்குக் கைப்பட ஒரு விண்ணப்பம் எழுது. சனி, ஞாயிறு காலை ஏழு முதல் ஒன்பது வரை என்று நேரத்தைக் குறிப்பிடு. ஸ்பீக்கர் ஒலியைக் குறைத்து வைப்போம், கூட்டிப் பெருக்கிவிட்டுச் சாவியைத் தருவோம் என்று எழுது. தனியாகப் போடாதே, இன்னும் இரண்டு பெண்களின் கையெழுத்தையும் வாங்கு. மூன்று பேர் என்றால் அது ஏற்கெனவே ஒரு க்ரூ.

மொட்டைமாடி வேண்டாம், தட்டோடு தோலை உரித்துவிடும். ஹாலில் டைல்ஸ் என்றால் வியர்வை பட்டதும் வழுக்கும். ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து நான்கு மூலையிலும் டேப் ஒட்டு. பிராங்ஸிலும் அட்டைதான். சட்டைக்குள்ளே இறுக்கமான பனியன் போட்டு பேண்டில் செருகிக்கொண்டால் தலைகீழாக நிற்கும்போது கவனம் உடையில் போகாது. மணிக்கட்டைச் சூடேற்றாமல் தொடங்காதே: மண்டியிட்டு, உள்ளங்கையைத் தரையில் பதித்து, விரல்கள் முன்பக்கம் பார்க்கும்படியும் பிறகு முழங்காலைப் பார்க்கும்படியும் வைத்து, மெதுவாக முன்னும் பின்னும் சாய். முதல் மாதம் டாப்ராக்கும் சிக்ஸ் ஸ்டெப் ஃபுட்வொர்க்கும் மட்டும். தலையைத் தரையில் வைத்துச் சுற்றுவது நான் நேரில் வந்து உன் கழுத்தைப் பார்த்த பிறகுதான். இதில் மட்டும் நான் உன் அப்பா கட்சி.

விண்ணப்பத்தை எழுதியதும் எனக்கு வாட்ஸப்பில் அனுப்பு, பிழை பார்த்துத் தருகிறேன். அண்ணியிடம் நான் பேசிக்கொள்கிறேன். அண்ணனிடம் நீயே பேசு.

அன்புடன்,
அத்தை