சேம அச்சும் சேமப் பையும்

புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார் உப்பு வணிகரின் வண்டியொன்றைக் காட்டுகின்றார். எருதுகள் இளையவை, நுகத்திற்குப் பழகாதவை. பாரமோ மிகுதி. வழியின் மேடுபள்ளங்களை முன்கூட்டி அறிவதற்கில்லை. ஆதலின் உமணர், வண்டியின் அடியில் மற்றோர் அச்சினையும் கட்டிக்கொண்டு புறப்படுகின்றனர். அதற்குச் ‘சேம அச்சு’ என்பது பெயர். அதியமானின் மகன் பொகுட்டெழினியை அவ்வச்சுக்கு ஒப்பிட்டுப் பாராட்டுகின்றார் புலவர். உவமையின் நயத்தை வகுப்பறைகளில் பலகாலும் பேசியிருக்கின்றோம். ஈண்டு நாம் நோக்க விழைவது அவ்வுமணரின் முன்னறிவினை மட்டுமே.

வண்டியில் பழுதுறக் கூடிய உறுப்புகள் பல. எனினும் பாடல் சுட்டுவது அச்சு ஒன்றையே. கயிறு அறுந்தால் முடிந்துகொள்ளலாம். அச்சு முறிந்தால் பயணமே நின்றுவிடும். நடுக்காட்டில் தச்சனைத் தேடுவதும் இயலாது. எது முறியக் கூடும், முறிந்தால் எது நம்மை நிறுத்திவிடும், எது அவ்விடத்தில் கிடைக்காது என்று எண்ணித் தெரிந்தெடுத்த பொருளே சேம அச்சு. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று எல்லாவற்றையும் ஏற்றிக்கொள்வது அதற்கு நேர்மாறான செயல். அவ்வாறு கனத்துப்போன பையை மூன்றாம் நாளே நாம் வீட்டில் வைத்துவிட்டுச் செல்கின்றோம்.

நம் ஊர்ப்புறத்து முதியோர் இதனை நன்கறிந்திருந்தனர். முட்காட்டில் நடப்பவரின் அரைஞாணில் முள்வாங்கி தொங்கியது. பெண்டிரின் வளையலில் இரண்டு ஊக்குகள் கோக்கப்பட்டிருந்தன. அவரவர் வழிக்கு அவரவர் அச்சு.

இனி, பேருந்திலும் தொடர்வண்டியிலும் நாள்தோறும் கல்லூரிக்கு வந்து செல்லும் மாணவரின் பையை எண்ணிப் பார்ப்போம். கண்ணாடிக் கூடு அளவுள்ள ஒரு சிறு பையே போதுமானது. அதில் முதலிடம் பெறுவது, வியப்பாகத் தோன்றினும், வெளுத்த பருத்திக் கைக்குட்டைதான். வெட்டுக் காயத்தில் குருதி வழியும்போது முதற்கண் செய்யத்தக்கது, தூய துணியால் அழுத்திப் பிடித்தலே. குருதி நின்றதா என்று நொடிக்கொரு முறை எடுத்துப் பாராமல், பத்து நிமிடமேனும் விடாது அழுத்துதல் வேண்டும். காப்பித்தூளை அப்பும் பழக்கம் இன்றும் மறையவில்லை. அது காயத்தை மாசுபடுத்துமேயன்றி ஆற்றாது. சிறு கீறலுக்கு நான்கைந்து பிளாஸ்திரிகள் போதும். இரண்டு ஊக்குகளும், நூல் கோத்த ஊசியொன்றும் உடன் இருக்கட்டும். அறுந்த செருப்பு வாரினையும் பிரிந்த தையலையும் வீடு சேரும்வரை அவை தாங்கும். மாணவியர் நாப்கின் ஒன்றைச் சேர்த்து வைத்தல் இன்றியமையாதது. இதனைச் சொல்லக் கூசுவதாலேயே தேர்வறையில் தவிப்போர் பலர்.

நீரிழிவுக்கு ஊசி போட்டுக்கொள்வோர்க்குச் சர்க்கரைப் பொட்டலமே அச்சாகும். உணவு தாழ்ந்த வேளையில் கை நடுங்கி, வியர்த்து, பேச்சுத் தடுமாறுவது இரத்தச் சர்க்கரை குறைந்ததன் அறிகுறியாகலாம். ஏறத்தாழ 15 கிராம், அஃதாவது மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை உடனே உட்கொண்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் நிலையை நோக்குதல் மருத்துவர் கூறும் முறை. சாக்லேட் இதற்கு ஏற்றதன்று. அதிலுள்ள கொழுப்பு, சர்க்கரை விரைந்து சேர்வதைத் தடுக்கும். நினைவிழந்தவர் வாயில் எதனையும் ஊட்டலாகாது, மூச்சுக்குழலில் இறங்கிவிடும். பையின் உரிமையாளர் மட்டுமன்றி, அருகில் அமரும் நண்பரும் இதனை அறிந்திருத்தல் நலம். ஏனெனில், அந்நேரத்தில் பையைத் திறக்கும் கை பெரும்பாலும் நண்பருடையதாகவே இருக்கும்.

வயிற்றுப்போக்குக்கு உதவும் ஓ.ஆர்.எஸ். பொடியைச் சிலர் பாதி கொட்டி, மீதியை மடித்து வைக்கின்றனர். அது முறையன்று. உப்பும் சர்க்கரையும் எல்லாப் பகுதியிலும் ஒரே அளவில் விரவியிருக்கும் என்பதற்கு உறுதியில்லை. பெரிய பொட்டலம் ஒரு லிட்டர் நீருக்கு உரியது. 200 மில்லி லிட்டருக்கான சிறு பொட்டலமும் கடைகளில் உண்டு. பைக்கு ஏற்றது சிறியதே.

மாத்திரைகளைக் குறித்து ஒன்று கூறியாக வேண்டும். மருத்துவர் தமக்கென எழுதித் தந்ததைத் தவிரப் பிறவற்றைச் சுமக்க வேண்டுவதில்லை. அட்டையிலிருந்து வெட்டி எடுக்கும்போது, பெயரும் காலாவதி நாளும் அச்சிட்ட முனை பெரும்பாலும் வீட்டிலேயே தங்கிவிடுகின்றது. பெயரற்ற இரண்டு வெள்ளை வில்லைகளே பைக்கு வந்து சேர்கின்றன. ஆறு திங்கள் கழித்து அவை தலைவலிக்கா, வயிற்றுவலிக்கா என்று யார் சொல்வார்? எழுத்துள்ள முனையையே பையில் வைத்துக்கொள்க.

எல்லா எண்களும் கைப்பேசியில் உள்ளன என்பது இன்றைய நம்பிக்கை. கைப்பேசி மின்னாற்றல் இழந்து அணைந்துவிட்டால், தந்தையின் எண்ணை மனப்பாடமாகச் சொல்லக் கூடியவர் நம்முள் எத்தனை பேர்? ஆகவே தம் பெயர், வீட்டார் இருவரின் எண்கள், ஒவ்வாத மருந்து உண்டாயின் அதன் பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வைத்தல் வேண்டும். மை நீரில் கரையும். பென்சில் எழுத்துக் கரையாது. தமிழகத்தில் 2008 முதல் இயங்கிவரும் 108 ஆம்புலன்சு எண்ணையும், நாடெங்கும் பயன்படும் 112 என்னும் எண்ணையும் அத்தாளிலேயே குறித்துக்கொள்ளலாம். தாளோடு மடித்த நூறு ரூபாய், பேருந்துக்கோ ஆட்டோவுக்கோ ஆகும்.

உமணர் அச்சினை வண்டியின் அடியிலேயே கட்டினர். வீட்டுப் பரணில் வைக்கவில்லை. பையை மாற்றும் நாளில் மறந்துபோகாதவாறு இச்சிறு பையும் தனியே எடுத்து வைக்கத்தக்கதாய் இருத்தல் வேண்டும். வெயிலில் பிளாஸ்திரியின் பசை கெட்டுவிடும். பொடி கட்டிதட்டிப் போகும். மாதத்தின் முதல் நாளில் ஒருமுறை திறந்து பார்த்தால் போதும். தமக்கெனப் பயன்படுத்தியதை மறவாமல் நிரப்பி வைக்கின்றோம். பிறர் கேட்டு வாங்கிய ஊக்கும் பிளாஸ்திரியுமே பெரும்பாலும் நிரப்பப்படாமல் நின்றுவிடுகின்றன.