பயிர்க் காவல் துப்பாக்கிக்கு லைசென்ஸ் மறுக்கப்பட்டால் செய்யவேண்டுவன

கடலூர் ஜில்லாவின் மேற்குத் தாலுகாக்களாகிய விருத்தாசலம், திட்டக்குடி, வேப்பூர் முதலிய இடங்களில் மக்காச்சோளம், மணிலா, கரும்பு ஆகியவற்றைப் பயிர் செய்வோர்க்குக் காட்டுப் பன்றி ஒரு தீராத பகை. மணிலாக் காட்டைக் கிளறிக் காயைத் தின்பதும், மக்காச்சோளத் தட்டையைச் சாய்ப்பதும், கரும்பைக் கடித்து முறிப்பதும் ஒரே இரவில் நிகழ்ந்துவிடுகின்றன. இதனால் மனம் நொந்த நிலச்சுவான்தார் ஒருவர் பயிர்க் காவலுக்கென்று துப்பாக்கி லைசென்ஸ் கோரி மனுச் செய்வதும், பல மாதங்கள் சென்றபின் “மனு நிராகரிக்கப்பட்டது” என்று உத்தரவு வருவதும் உண்டு. அவ்வுத்தரவைக் கையில் வாங்கியவர் அடுத்துச் செய்யத் தக்கது எது, செய்யத் தகாதது எது என்பவற்றை எடுத்துரைப்பதே இவ்வியாசத்தின் நோக்கம். கிராம உத்தியோகஸ்தர்களும் இவற்றை அறிந்திருத்தல் நலம். ஏனெனில் குடிகள் முதலில் யோசனை கேட்பது அவர்களிடமே.

சட்டத்தின் நிலை

ஆயுத லைசென்ஸ் முறை நம் நாட்டில் 1878-ம் வருஷத்துச் சட்டத்தால் உறுதிப்பட்டது. அதற்குப் பதிலாக ஏற்பட்ட 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டம் 1962 அக்டோபர் 1-ந் தேதி அமலுக்கு வந்தது. அதன்கீழ் இன்று நடைமுறையில் உள்ள விதிகள் 2016-ல் ஏற்பட்டவை.

மேற்படி சட்டத்தின் 13-வது பிரிவு, உண்மையான பயிர்க் காவலின்பொருட்டு, வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வழங்கலாம் என்று வெளிப்படையாகவே கூறுகின்றது. அத்தகைய துப்பாக்கி போதாது என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட்டால், குழல் 20 அங்குலத்திற்குக் குறையாத, உட்புறம் வழவழப்பான வேறு துப்பாக்கிக்கும் அனுமதி தரலாம். ஆகவே பயிர்க் காவலுக்கு லைசென்ஸ் கேட்பது சட்டம் ஏற்றுக்கொண்ட காரணமே. ஆயினும் போலீஸ் அறிக்கையைப் பெற்று விசாரித்து முடிவு செய்தல் அதிகாரியின் பொறுப்பு. பொது அமைதிக்கோ, பொதுஜனப் பாதுகாப்பிற்கோ அவசியம் என்று கருதினால் மறுக்கவும் அவருக்கு 14-வது பிரிவில் அதிகாரம் உண்டு.

அதே பிரிவில் மனுதாரருக்கு அனுகூலமான இரண்டு விதிகளும் உள. முதலாவது, போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்தால் லைசென்ஸ் மறுக்கப்படலாகாது. இரண்டு ஏக்கர் உழுபவரும் இருபது ஏக்கர் உடையவரும் இதில் சமமே. இரண்டாவது, மறுக்கும் அதிகாரி அதற்குரிய காரணங்களை எழுத்தில் பதிவு செய்யவேண்டும். மனுதாரர் கேட்டால் அவற்றைச் சுருக்கமாகத் தெரிவிக்கவும் வேண்டும். பொது நலனுக்கு விரோதம் என்று கருதினால் மாத்திரமே தெரிவிக்காமல் இருக்கலாம்.

முதற்காரியம்: காரணத்தை அறிதல்

நிராகரிப்பு வந்தவுடன் கோபங்கொண்டு சிபாரிசு தேடி அலைவதில் பிரயோஜனம் இல்லை. உத்தரவைப் பெற்ற தேதியை முதலில் குறித்துக்கொள்ளவேண்டும். அப்பீலுக்குரிய கெடுவைக் கணக்கிட அது அவசியம். பிறகு உத்தரவை நிதானமாகப் படிக்கவேண்டும். காரணம் கூறப்படவில்லையாயின், சட்டத்தின் 14-வது பிரிவைக் குறிப்பிட்டு, காரணங்களின் சுருக்கத்தைத் தரும்படி அதே அலுவலகத்திற்கு மனு எழுதி, ஒப்புகை பெற்றுக்கொள்ளவேண்டும்.

காரணங்கள் பெரும்பாலும் மூன்று வகையில் அடங்கும். முதல்வகை, சட்டமே விதித்த தடை. 21 வயது நிரம்பாதவர். வன்முறைக் குற்றத்திற்காகவோ ஒழுக்கக் கேடான குற்றத்திற்காகவோ சிறைத் தண்டனை அடைந்து, அத்தண்டனை முடிந்து ஐந்து வருஷங்கள் கழியாதவர். அமைதி காப்பதாகவோ நன்னடத்தைக்கோ ஜாமீன் பத்திரம் எழுதிக் கொடுக்க உத்தரவிடப்பட்டு, அப்பத்திரத்தின் காலம் முடியாதவர் ஆகியோர் இதில் அடங்குவர். கிராமக் கட்சிச் சண்டையில் இரு தரப்பாரிடமும் பத்திரம் வாங்கும் வழக்கம் இருப்பதால், இக்கடைசித் தடை பலரைத் தொடும். இவர்கள் காலம் முடியும்வரை காத்திருப்பது அன்றி வேறு வழி இல்லை.

இரண்டாம் வகை, போலீஸ் அறிக்கையில் கண்ட ஆட்சேபணை. அதில் கூறப்பட்ட வழக்கு முன்பே தள்ளுபடியாகியிருந்தால் தீர்ப்பின் நகலும், வேறொருவருடைய வழக்கு இவர் பெயரில் ஏறியிருந்தால் அதற்கான ருசுவும் திரட்டவேண்டும்.

மூன்றாம் வகை, தேவை நிரூபிக்கப்படவில்லை என்பது. உண்மையில் நஷ்டம் அடைந்தவர்களே அதற்கான தஸ்தாவேஜு ஒன்றும் இன்றி மனுச் செய்து தோற்பது இவ்வகையிலேதான்.

அப்பீல்

18-வது பிரிவின்படி, மறுப்பு உத்தரவின்மேல் அப்பீல் செய்ய உரிமை உண்டு. சர்க்காரே பிறப்பித்த உத்தரவின்மேல் மாத்திரம் இவ்வுரிமை இல்லை. கெடு 30 நாள். தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கவும் இடம் உண்டு என்றாலும், அதை நம்பி இருப்பது விவேகம் அன்று. காரணச் சுருக்கம் கேட்டு எழுதிய மனுவுக்குப் பதில் வராவிட்டாலும், கெடுவுக்குள் அப்பீலைத் தாக்கல் செய்துவிடவேண்டும். எந்த அதிகாரியிடம் அப்பீல் செய்வது, கட்டணம் எவ்வளவு என்பவற்றை உத்தரவிலிருந்தோ கலெக்டர் அலுவலகத்திலிருந்தோ அன்றே தெரிந்துகொள்ளலாம்.

அப்பீல் மனு நீண்டிருக்கவேண்டியதில்லை. மறுப்புக்குக் கூறிய காரணம் ஒவ்வொன்றையும் வரிசையாக எடுத்து, அதற்கு விடையும், விடைக்கு ஆதாரமும் தருவதே போதும். மனுதாரருக்குத் தம் கட்சியைச் சொல்லச் சந்தர்ப்பம் தராமல் அப்பீலை முடிவு செய்யலாகாது என்று சட்டம் விதிக்கின்றது. ஆகையால் விசாரணைத் தேதியில் தஸ்தாவேஜுகளுடன் ஆஜராகத் தவறலாகாது. அப்பீல் உத்தரவு சட்டப்படி இறுதியானது. அதிலும் நியாயம் கிடைக்கவில்லை என்று கருதுவோர் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுத் தாக்கல் செய்யலாம். ஆனால் நீதிமன்றம் முக்கியமாய்ப் பார்ப்பது அதிகாரி சட்டப்படி நடந்தாரா என்பதையே. உமக்குத் துப்பாக்கி அவசியமா என்பதை அன்று. பணமும் காலமும் செலவாகும் அவ்வழியில் இறங்குமுன் நன்கு யோசிக்கவேண்டும்.

மறுப்புக்குக் காரணமான குறையைத் திருத்தியபின் புதிதாக மனுச் செய்வதும் ஒரு வழி. ஆயுதப் பயிற்சிச் சான்று இல்லாமை, துப்பாக்கியைப் பத்திரமாய் வைக்கும் ஏற்பாடு காட்டாமை போன்ற குறைகளுக்கு அப்பீலைவிடப் புது மனுவே சுருக்கமான வழியாகும்.

நஷ்டத்திற்கு ருசு

அப்பீலுக்கும், புது மனுவுக்கும், நஷ்ட ஈட்டுக்கும் ஒரே ருசுவே பயன்படும். பன்றி இறங்கிய மறுநாட் காலையிலேயே, கால்தடமும் கிளறிய மண்ணும் கலையுமுன், நிலத்தின் எல்லைக்கல்லோ கிணறோ தெரியும்படி படம் எடுத்துவைக்கவேண்டும். தேதி, சர்வே நம்பர், பயிர், அதன் வயது, அழிந்த பரப்பு ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிவரவேண்டும். அன்றே கிராம நிர்வாக அலுவலருக்கும் வனத்துறைக்கும் எழுத்து மூலம் தெரிவித்து, மனுவின் நகலில் ஒப்புகை பெறவேண்டும். சிட்டா, அடங்கல் நகல்களை இவற்றோடு சேர்த்துவைப்பது அவசியம்.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. நிலத்தை நேரிற் பாராமல் எழுதிக் கொடுக்கும் சான்று, மனுதாரருக்கு உதவுவதுபோல் தோன்றினும் விசாரணையில் நில்லாது. நேரிற் பார்த்து, கண்ட அளவை மாத்திரம் எழுதிய சான்றே அவரைக் காக்கும். அடங்கலில் பயிர் சரியாகப் பதிவாகியிருக்கவேண்டும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

துப்பாக்கி கிடைத்தாலும் தீராத காரியம்

லைசென்ஸ் கிடைத்துவிட்டால் பன்றியைச் சுட்டுவிடலாம் என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. ஆயுத லைசென்ஸ் துப்பாக்கியை வைத்துக்கொள்ள அனுமதியே. பிராணியைக் கொல்ல அனுமதி அன்று. கொல்வதைப் பற்றிய சட்டம் வேறு. அது 1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். 2022-ல் செய்த திருத்தம் 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்தபின் காட்டுப் பன்றி அதன் இரண்டாம் அட்டவணையில் இருக்கின்றது. நிற்கும் பயிருக்கு அபாயம் விளைக்கும் அவ்வட்டவணைப் பிராணியைக் கொல்ல, தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவரால் அதிகாரம் பெற்றவரோ எழுத்தில் உத்தரவிடவேண்டும்.

தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்ட ஏற்பாடு பின்வருமாறு: காப்புக் காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடலாகாது, ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடவேண்டும், மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையாரே சுடுவர். எந்நிலையிலும் சுடுபவர் விவசாயி அல்லர். ஆகவே லைசென்ஸ் மறுக்கப்பட்டவர், கிடைத்தவரைவிடப் பெரிதாக ஒன்றையும் இழந்துவிடவில்லை. இருவரும் பன்றியை ஒழிக்க நாடவேண்டிய இடம் வனத்துறையே. தனி மனுவைக் காட்டிலும் அண்டை நிலத்தார் கூடிக் கொடுக்கும் மகஜருக்கு வலிமை அதிகம். மாதந்தோறும் கலெக்டர் அலுவலகத்தில் நடைபெறும் விவசாயிகள் குறை கேட்பு நாளிலும் அதைக் கொடுக்கலாம்.

மயிலோ நமது தேசியப் பறவை. முதல் அட்டவணையில் உள்ளது. அதைக் கொன்றால் மூன்று வருஷத்திற்குக் குறையாமல் ஏழு வருஷம் வரை சிறைவாசம் நேரிடும்.

கீழ்த் தாலுகாக்களாகிய சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோயிலில் வீராணம் ஏரியும் கொள்ளிடமும் பாயும் நெல் வயல்களில் பெரிய திருடன் எலி. அதற்குத் துப்பாக்கி எவ்வாற்றானும் உதவாது. வரப்பைச் சிறிதாக அமைத்தல், நடவுக்கு முன்பே வளைகளை வெட்டிப் பிடித்தல், தஞ்சாவூர்க் கிட்டி வைத்தல், ஆந்தை வந்து அமரும் பறவைத் தாங்கிகளை நட்டுக் கதிர் முற்றும் தருணத்தில் எடுத்துவிடுதல் ஆகியவற்றை ஊரார் யாவரும் ஒரே சமயத்தில் செய்தால் பலன் நிச்சயம். ஒருவர் வயலில் மாத்திரம் செய்தால் எலி அடுத்த வயலிலிருந்து வந்துவிடும்.

பன்றிக்கு ஆயுதம் இல்லாத காவல்

வயலைச் சுற்றி ஆமணக்கை நெருக்கமாக நான்கு வரிசை விதைத்தால் அதன் நாற்றம் பன்றியைத் தயங்கச் செய்யும். முள்ளுள்ள குசும்பாவும் ஓரப் பயிராக உதவும். பயிருக்கு ஓரடி தள்ளி இரண்டடி அகலமும் ஒன்றரை அடி ஆழமும் உள்ள அகழ் வெட்டுவதும் உண்டு. விளக்கு, அதிர்வேட்டு, தகரவொலி ஆகியவற்றை ஒரே இடத்தில் ஒரே விதமாகப் பல நாள் வைத்தால் பன்றி பழகிவிடும். இடத்தையும் விதத்தையும் மாற்றிவரவேண்டும். இவற்றில் ஒன்றும் முழுக் காவல் அன்று. இரண்டு மூன்றைச் சேர்த்து, காய் பிடிக்கும் காலத்தில் முறை வைத்து இராக்காவலும் இருந்தால் நஷ்டம் பெரிதும் குறையும்.

சூரிய மின்வேலி விலையுள்ளதாயினும் நீடித்த பயன் தரும். விட்டுவிட்டுத் துடிக்கும் மின் அதிர்ச்சியைத் தரும் உரிய கருவியோடு அமைந்தால் அது பன்றியை விரட்டுமே ஒழியக் கொல்லாது. மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்த 2023-ல் தமிழ்நாட்டில் தனி விதிகள் ஏற்பட்டிருப்பதால், அமைக்குமுன் வனத்துறையைக் கேட்டுக்கொள்ளவேண்டும். நடப்பு ஆண்டில் மானியம் உண்டா என்பதை வேளாண்மைப் பொறியியல் துறையில் விசாரிக்கலாம்.

செய்யத் தகாதவை

லைசென்ஸ் மறுக்கப்பட்ட மனக்கசப்பில் சிலர் கள்ளத்தனமாக நாட்டுத் துப்பாக்கி வைத்துக்கொள்கின்றனர். 2019-ல் செய்த திருத்தத்தின்பின் லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிக்கு இரண்டு வருஷத்திற்குக் குறையாத, ஐந்து வருஷம் வரை நீளக்கூடிய சிறைவாசம் உண்டு. அவுட்டுக்காய் வைப்பதும் சுருக்குக் கண்ணி கட்டுவதும் குற்றமே. அவுட்டுக்காயைக் கடித்து வாய் சிதறுவது பெரும்பாலும் மேயவந்த பசுவுக்கே நேர்கின்றது.

இவை எல்லாவற்றிலும் கொடியது, வீட்டு மின்சாரத்தையோ பம்புசெட்டு மின்சாரத்தையோ நேரே கம்பியில் விடுவது. இரவில் மடை திறக்கப் போன பக்கத்து நிலத்துக்காரரும், விடியலில் கூலி வேலைக்குப் போன பெண்ணும், சில சமயம் அக்கம்பியைக் கட்டியவரே தாமும் அதில் விழுந்து மாண்டது தமிழ்நாட்டில் பலமுறை நிகழ்ந்துள்ளது. ஒரு மூட்டை மணிலாவுக்காக ஓர் உயிரும், அதற்குப்பின் ஒரு குடும்பத்தின் நிலமும் மானமும் போகின்றன. கிராம உத்தியோகஸ்தர்கள் இத்தகைய கம்பியைக் கண்டவுடன் அகற்றச் செய்யவேண்டும். அன்றைக்கு அது பகையாகத் தோன்றினும் உண்மையில் உபகாரமே.

சுருக்கம்

1. மறுப்பு உத்தரவு கிடைத்த தேதியைக் குறித்துக்கொள்க. காரணத்தை எழுத்து மூலம் கேட்க.
2. 30 நாளுக்குள் அப்பீல் செய்க. அல்லது குறையைத் திருத்திப் புது மனுக் கொடுக்க.
3. ஒவ்வொரு முறை நஷ்டம் நேரும்போதும் அன்றே படமும் பதிவும் ஒப்புகையும் தேடிக்கொள்க.
4. பன்றியைப் பிடிக்கவோ சுடவோ வனத்துறைக்கு ஊராராகச் சேர்ந்து மகஜர் கொடுக்க.
5. அப்பீல் முடியும்வரை பயிர் காத்திராது. ஓரப் பயிர், அகழ், சூரிய வேலி, இராக்காவல் ஆகியவற்றை உடனே தொடங்குக.
6. கள்ளத் துப்பாக்கி, அவுட்டுக்காய், நேர் மின்கம்பி ஆகிய மூன்றையும் நிலத்திலும் மனத்திலும் இடங்கொடாது விலக்குக.