அணுமின் நிலையங்களிற் காவல் விதிகள்: மீறலும் பரிகாரமும்

பௌதிகச் செய்முறை வகுப்பிற் பயின்றோர் ஒரு சிறு குற்றத்தை நன்கறிவர். ஊசலின் அலைவுக் காலத்தை அளக்கவேண்டிய மாணவன், வரவேண்டிய விடையை முதலிலே தெரிந்துகொண்டு, அவ்விடை வருமாறு அளவீடுகளைப் பின்னர் எழுதிவிடுவான். அதனால் ஊசலுக்குங் கேடில்லை; உலகிற்குங் கேடில்லை. ஆயின், அதே பழக்கம் அணுவுலையைக் காக்கும் பொறியியலாளரிடத்துப் புகுமாயின் விளைவது யாது? யப்பான் நாட்டில் அடுத்தடுத்து வெளிப்பட்ட இரு நிகழ்ச்சிகள் இவ்வினாவிற்கு விடை தருகின்றன. அவற்றை ஆராய்ந்து, விதி மீறல் நேர்ந்தவிடத்துச் செய்யத்தக்கன யாவை என்பதை ஈண்டுக் காண்போம்.

கதிர்வீச்சு கண்ணுக்குப் புலனாகாது. மணமும் சுவையும் அதற்கில்லை. தீச்சுடரை அணுகினால் உடலே நம்மை எச்சரிக்கும். கதிர்வீச்சோ பெரும்பாலும் அவ்வாறு எச்சரிப்பதில்லை. ஆதலின், அதனருகே தொழில் புரிவோரைக் காப்பன அளவிடுங் கருவியும், வகுத்த விதியும், உண்மையான பதிவேடுமே ஆம். தொழிலாளர் பெறும் கதிர்வீச்சு ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டொன்றுக்கு 20 மில்லிசீவேட்டுக்கு மேற்படலாகாதென்றும், எந்த ஓராண்டிலும் 50 மில்லிசீவேட்டைத் தாண்டலாகாதென்றும் சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணைக்குழு விதந்துரைத்துள்ளது. இவ்வெல்லை கடக்கப்பட்டதா என்பதைக் கருவியும் ஏடுமே சொல்லவல்லன. ஏடு பொய்க்குமாயின் தொழிலாளி கண்ணிழந்தவனாவான்.

முதல் நிகழ்ச்சி: தோக்காய்முரா, 1999

தோக்கியோவிற்கு வடகிழக்கே உள்ள தோக்காய்முரா என்னும் ஊரில், அணுவுலைக்கு வேண்டிய யுரேனிய எரிபொருளைப் பக்குவஞ் செய்யும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. ஜே.சி.ஓ. என்னுங் கம்பனி அதனை நடத்தியது. யுரேனியம் ஓரிடத்தில் அளவுமீறித் திரளுமாயின் நியூத்திரன்களின் தொடர்த்தாக்கம் தானே தொடங்கிவிடும். அந்நிலையை அவதிநிலை என்பர். அதனைத் தடுத்தற்காகவே, கரைசலை ஒடுங்கிய நீள் கலத்தினூடாக, அளந்து அளந்து செலுத்தவேண்டும் என்பது அரசு அங்கீகரித்த முறை.

இம்முறை காலத்தை விழுங்குகின்றதென்று கண்ட கம்பனியார், துருப்பிடியா உருக்கு வாளிகளில் யுரேனியத்தைக் கரைக்கத் தலைப்பட்டனர். அரசின் அனுமதியின்றி அதனைத் தம் உள்ளகக் கைந்நூலிலும் எழுதிவைத்தனர். 1999 செப்டெம்பர் 30 ஆந் திகதி முற்பகல், தொழிலாளர் மூவர் அக்கைந்நூலையும் ஒருபடி கடந்து, வாளிக் கரைசலை நேரே அகன்ற வீழ்படிவுத் தொட்டியில் ஊற்றினர். 2.4 கிலோகிராமே இருத்தற்குரிய இடத்தில் ஏறத்தாழ 16 கிலோகிராம் யுரேனியம் சேர்ந்தது. நீலவொளி ஒன்று தோன்றியது, தொடர்த்தாக்கம் தொடங்கிவிட்டது. தொட்டியைச் சூழ்ந்திருந்த குளிர்நீர் நியூத்திரன்களை மீண்டும் உள்ளே தள்ளியமையால், தாக்கம் சுமார் இருபது மணித்தியாலம் நீடித்தது. மறுநாட் காலை அந்நீரை வெளியேற்றிய பின்னரே அது அடங்கியது. மீண்டும் எழாதிருக்கப் போரிக்கமிலம் இடப்பட்டது. மூவருள் இருவர் சில மாதங்களுள் உயிர் துறந்தனர்.

இங்கே நாம் நோக்கவேண்டியது மீறலின் படிமுறை. முதற் படியைத் தொழிலாளர் வைத்திலர், நிர்வாகமே வைத்தது. விதியை மீறுதல் நாளாந்த வழக்கமாகிவிட்ட இடத்தில், அடுத்த படியை எடுத்துவைத்தவர்க்கு அது படியாகவே தோன்றவில்லை. அவதிநிலையின் அபாயமும் அவர்களுக்குத் தக்கவாறு கற்பிக்கப்படவில்லை.

தாக்கம் தொடங்கி ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தின் பின்னரே ஊராட்சிக்குச் செய்தி எட்டியது. மேலிடத்தின் கட்டளைக்குக் காத்திராமல் ஊர்த்தலைவரே பிற்பகல் 3 மணியளவில் 350 மீற்றர் எல்லைக்குள் வாழ்ந்தோரை வெளியேறுமாறு பணித்தார். பத்துக் கிலோமீற்றருக்குள் இருந்த மூன்று இலட்சத்திற்கு மேற்பட்டோரை வீட்டினுள் இருக்குமாறு மாகாண அரசு கேட்டுக்கொண்டதோ இரவிலேயாம். பின்னர் அக்கம்பனியின் அனுமதிப்பத்திரம் இரத்துச் செய்யப்பட்டது. 2003 இல் கம்பனியும் அதன் உத்தியோகத்தர் அறுவரும் நீதிமன்றத்திற் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர்.

இரண்டாம் நிகழ்ச்சி: மறைக்கப்பட்ட வெடிப்புகள்

இவ்விபத்தின் பயனாக 1999 டிசெம்பரில் யப்பானியச் சட்டம் திருத்தப்பட்டது. அணு நிலையத்தில் விதி மீறலைக் கண்ட ஊழியர் அதனை அரசுக்கு நேரே அறிவிக்கலாம். அதன் பொருட்டு அவரைத் தண்டித்தல் ஆகாது என்ற ஏற்பாடும் அதனுட் சேர்ந்தது. அவ்வேற்பாட்டிற்குச் சோதனை விரைவிலேயே வந்தது.

2000 ஆம் ஆண்டில், தோக்கியோ மின்வலுக் கம்பனியின் புகுஷிமா நிலையத்தைப் பரிசோதித்த ஒருவர், உலைப் பகுதியிற் கண்ட வெடிப்புகள் மறைக்கப்பட்டன என அரசுக்கு எழுதினார். மேற்பார்வை செய்யவேண்டிய அதிகாரிகள் யாது செய்தனர்? அவருடைய பெயர் தாங்கிய ஆவணங்களை அக்கம்பனியிடமே கொடுத்தனர். உண்மை ஊரறிய வெளிவர ஏறத்தாழ ஈராண்டு சென்றது. 2002 ஓகத்து 29 ஆந் திகதி வெளியான அறிவித்தலில், பரிசோதனைப் பதிவுகள் புரட்டப்பட்டன என ஐயுறத்தக்க 29 சம்பவங்கள் குறிக்கப்பட்டன. கம்பனியின் தலைவர் முதலாயினோர் பதவி துறந்தனர். புகுஷிமா முதலாம் நிலையத்தின் முதலாம் உலையில், காப்புக்கலத்தின் கசிவுச் சோதனையின்போது காற்றை உட்செலுத்தி நல்ல பெறுபேறு காட்டியமையும் வெளிப்பட்டது. அவ்வுலையை ஓராண்டு நிறுத்திவைக்குமாறு அரசு பணித்தது. 2003 ஏப்பிரிலில், பரிசோதனையின் பொருட்டு அக்கம்பனியின் 17 உலைகளும் ஓய்ந்திருந்தன.

பொய் எழுதியோரைக் குறைகூறி அமைவதோடு ஆராய்ச்சி முடியாது. பல்லாண்டு ஓடிய உலையும் புத்துலைபோல் மாசற்றிருக்க வேண்டும் என்றே அன்றைய ஒழுங்கு எதிர்பார்த்தது. எவ்வளவு வெடிப்பு ஆபத்தற்றது, எவ்வளவு ஆபத்தானது என்று அளந்தறியும் நியமம் இருந்ததில்லை. நடைமுறைக்கு ஒவ்வாத அவ்வெதிர்பார்ப்பு, மெய்யுரைப்பதைக் கடினமாக்கிப் பொய்யுரைப்பதை எளிதாக்கியது. பொய் அதனால் நியாயமாகிவிடாது. எனினும், அவ்வாறான நியமம் பின்னர் வகுக்கப்பட்டமை தக்க பரிகாரமேயாம்.

2011 மார்ச்சில் புகுஷிமாவில் நேர்ந்த பேரிடரை இப்பொய்ப் பதிவுகளின் நேர்விளைவெனக் கூறுதல் பொருந்தாது; அது நிலநடுக்கத்தையும் ஆழிப்பேரலையையும் தொடர்ந்து வந்தது. ஆயினும், அணுவலுவை வளர்க்கும் அமைச்சின் கீழேயே அதனைக் கண்காணிக்கும் நிறுவனமும் இருந்த குறை அதன் பின்னரே, 2012 செப்டெம்பரில், நீக்கப்பட்டது.

நாம் கொள்ளத்தக்கன

இவற்றிலிருந்து பெறத்தக்க ஒழுங்கு பின்வருமாறு:

1. மீறல் காணப்பட்டவுடன் வேலையை நிறுத்தி, மனிதரை அகற்றுதல். காரண ஆராய்ச்சி அதன் பின்னதே.

2. அயலில் வாழ்வோர்க்கும் அரசுக்கும் தாமதமின்றி அறிவித்தல். தோக்காய்முராவில் வெளியேறும் கட்டளைக்கு முன் கழிந்த நான்கு மணித்தியாலத்திற்கு மேற்பட்ட காலம் மீளப்பெற முடியாதது.

3. ஒவ்வொருவரும் பெற்ற கதிர்வீச்சை அளந்து, ஏட்டிற் பதிந்து, அவருக்கும் தெரிவித்து, மருத்துவம் அளித்தல்.

4. 'செய்தவன் யார்?' என்பதோடு நில்லாது, 'செய்யத் தூண்டியது எது?' என்றும் வினாவுதல்.

5. குறையைச் சொன்னவரைக் காத்தல்.

இவ்வைந்தனுள் இறுதியானதே மற்றை நான்கிற்கும் உயிராவது என்பது நம் கருத்து. சொல்வோர் இல்லாதவிடத்து மீறலை அறிவது எவ்வாறு? அறியாததற்குப் பரிகாரஞ் செய்வது எவ்வாறு? 1999 இன் சட்டம் நல்லதே. ஆயினும், அதனைக் கையாண்டோர் சொன்னவரின் பெயரைக் காக்கவில்லை. இடித்துரைப்பாரைத் துணையாகக் கொள்ளுமாறு திருவள்ளுவர் அரசனுக்கு உரைத்தது, இக்காலத்துத் தொழிற்சாலைக்கும் பொருந்துமன்றோ?

நம் பழைய மாணவருள் பொறியியலாளரும், மருத்துவரும், கணக்காளரும், நிர்வாகிகளும் உளர். அவர்களுள் அணுவுலையைக் காண்போர் சிலரே. ஆயினும், கீழுள்ள ஒருவர் தயங்கித் தயங்கி ஒரு குறையைச் சொல்ல வருகின்ற நாள் எல்லார்க்கும் வரும். அன்று அவருக்கு நாம் காட்டும் முகமே, அடுத்த முறை அவர் வாய் திறப்பதா என்பதைத் தீர்மானிக்கும்.

இன்று ஆய்வுகூடத்தில் நிற்கும் மாணவர்க்கும் ஒன்று கூறுவோம். ஊசல் காட்டியதையே எழுதுங்கள். விடை பிழைத்தாற் சில புள்ளிகள் குறையலாம், ஆசிரியரிடஞ் சென்று, 'ஐயா, எனக்கு இவ்வாறே வந்தது, பிழை எங்கே?' என்று கேளுங்கள். அவ்வினாவைச் சினமின்றி ஏற்பது ஆசிரியர் கடன். மெய்யான பதிவேட்டை எழுதுங் கை அங்கேதான் பழகுகின்றது.