ஊசியைக் கையில் கொடுக்கும் காலம்

குடும்ப வேதபாடம்
வாசிக்க: 1 சாமுவேல் 2:18–21, லூக்கா 2:41–52, யோவான் 9:1–7



புறநோயாளிப் பிரிவில் நாங்கள் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. பதினாறு வயதுப் பிள்ளையிடம் மருத்துவர், "காலையில் எத்தனை யூனிட் போட்டீங்க, தம்பி?" என்று கேட்கிறார். பிள்ளை வாய் திறப்பதற்கு முன்னரே, "பத்து யூனிட் போட்டுட்டான் சார்" என்று தாய் சொல்லிவிடுகிறார். "ராத்திரி?" என்ற கேள்விக்கும் தாயே விடையளிக்கிறார். பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

அந்தத் தாயைக் குறைகூற எங்களுக்கு மனமில்லை. பிள்ளையின் சிறுவயதில் நோய் கண்டறியப்பட்ட நாள்முதல், நள்ளிரவில் எழுந்து விரல் நுனியில் சர்க்கரை பார்த்தவர் அவரே. இராஜபாளையத்து நூற்பாலையில் ஷிப்டு முடிந்து வந்தும், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து முதல் பேருந்தைப் பிடித்தும், ஒரு முறையேனும் பரிசோதனை தவறாமல் அழைத்து வருகிற பெற்றோர் பலரை நாங்கள் அறிவோம். ஆயினும் ஓரிரு ஆண்டுகளில் அந்தப் பிள்ளை கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ படிக்கச் செல்வான். விடுதி அறையில் அதே கேள்வி எழும்போது யார் விடையளிப்பது?

முதல் வகை நீரிழிவு உள்ள வளரிளம் பிள்ளைகளின் பெற்றோரை மனத்திற்கொண்டே இப்பாடத்தை எழுதுகிறோம். இந்நோயில் கணையம் இன்சுலினைச் சுரப்பதில்லை. ஆகவே நாள் தவறாது ஊசியாக அதைச் செலுத்தவேண்டும். கனடாவின் டொரோண்டோ நகரில் 1922 ஜனவரியில் முதன்முதலாக இன்சுலின் ஊசி பெற்ற நோயாளியும் 14 வயதுச் சிறுவனே. அதற்கு முன்னர் இந்நோய் கண்ட பிள்ளைகள் நெடுநாள் பிழைப்பதில்லை. இன்றோ அவர்கள் படித்து, பணிபுரிந்து, மணம் முடித்து வாழ்கிறார்கள். ஆகவே அவர்களைப் பெரியவர்களாக வளர்க்கும் பொறுப்பும் நமக்கு வந்திருக்கிறது. ஆஸ்துமா, வலிப்பு, இருதய நோய் உள்ள பிள்ளைகளின் வீட்டாருக்கும் இப்பாடம் பெரும்பாலும் பொருந்தும்.

1. ஆண்டுதோறும் அளவு மாறும் சட்டை

அன்னாள் தவமிருந்து பெற்ற மகனைச் சீலோவில் ஆசாரியனாகிய ஏலியிடம் ஒப்புவித்தாள். அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் பலிசெலுத்த வரும்போது, ஒரு சிறிய சட்டையைத் தைத்து அவனுக்குக் கொண்டுவந்தாள் என்று வேதம் கூறுகிறது. தையல் அறிந்த தாய்மார் இதை உடனே உணர்வர். கண்முன் இல்லாத பிள்ளைக்குத் தைக்கும்போது, அவன் எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று எண்ணி அளவெடுக்கவேண்டும். சென்ற ஆண்டின் அளவிலேயே தைத்தால் சட்டை சேராது.

நோயுற்ற பிள்ளையைப் பராமரிப்பதில் நாம் செய்யும் தவறு இதுவே. எட்டு வயதில் எடுத்த அளவைப் பதினாறு வயதிலும் வைத்திருக்கிறோம். பிள்ளையோ அந்தச் சட்டைக்குள் மூச்சுத்திணறிப் பொய் சொல்லத் தொடங்குகிறான். போடாத ஊசியைப் போட்டதாகவும், பார்க்காத சர்க்கரையைப் பார்த்ததாகவும் நோட்டில் எழுதுகிறான். பிள்ளைகளைக் கோபப்படுத்தி மனந்தளரச் செய்யாதிருக்கும்படி பவுல் தகப்பன்மாருக்குக் கூறும் புத்திமதி (கொலோசெயர் 3:21) மருத்துவமனைப் படுக்கையருகிலும் செல்லும்.

பிரிவதற்குத் தயங்கும் பெற்றோரின் மனம் எச்சமயத்தாருக்கும் ஒன்றே. துளசித் தோட்டத்தில் கண்டெடுத்து வளர்த்த மகளைத் திருவரங்கத்திற்கு அனுப்பிவைத்த பெரியாழ்வாரின் வரலாற்றை ஸ்ரீவில்லிபுத்தூரில் அறியாதவர் இல்லை.

2. வலி அறியாத கை

நம் தமிழ்நாட்டில் பிறந்த மருத்துவர் பால் பிராண்டின் வாழ்க்கை இவ்விடத்தில் நமக்குப் பயன்படும். இங்கிலாந்திலிருந்து வந்து கொல்லிமலையில் ஊழியம் செய்த ஜெசி, எவலின் தம்பதியருக்கு அவர் 1914இல் பிறந்தார். ஒன்பதாம் வயதில் படிப்பிற்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1929இல் தந்தை கொல்லிமலையில் காய்ச்சலால் மரித்தார். மரணச் செய்தி தந்தியில் முந்தி வந்தது. தந்தை முன்னரே எழுதியிருந்த கடிதங்கள் கப்பலில் அதன்பின் வந்துசேர்ந்தன.

அம்மகன் உடனே பெற்றோரின் வழியில் செல்லவில்லை. மருத்துவத்தை விரும்பாமல், கட்டடத் தொழிலை ஆண்டுக்கணக்கில் கற்றார். பின்னரே மருத்துவம் பயின்று 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தும் பணியில் உலகறிந்தவரானார். கட்டடத் தொழிலில் பழகிய கை அங்கே அவருக்கு உதவியது. பிள்ளை சுற்றுவழியில் செல்வதாக வருந்தும் பெற்றோர் இதை நினைவிற்கொள்ளலாம்.

அவர் கண்டறிந்த உண்மை மற்றொன்று. தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. உணர்ச்சி அற்றுப்போவதால், காயம் பட்டதை அறியாமல் அவர்கள் மேலும் மேலும் காயப்படுகிறார்கள். துருப்பிடித்த பூட்டொன்றை அவரால் திறக்க இயலாதபோது, ஒரு சிறுவன் முன்வந்து சாவியைத் திருகித் திறந்தான். அவன் விரலிலிருந்து இரத்தம் வழிந்தது. எலும்புவரை வெட்டுப்பட்டிருந்தும் அவன் எதையும் உணரவில்லை. வலியைத் தேவனின் ஈவு என்று பிராண்டு பிற்காலத்தில் எழுதினார்.

தன் செயலின் விளைவைச் சிறிதும் உணரவிடாமல் வளர்க்கப்பட்ட பிள்ளை அந்தக் கையைப் போன்றவன். ஸ்ட்ரிப் தீர்ந்ததை அவன் அறியான். அப்பா வாங்கி வைத்திருப்பார். பரிசோதனை நாளை அறியான், அம்மா நினைவூட்டுவார். பெற்றோர் அருகில் இல்லாத முதல் மாதத்தில் அவன் காயப்படுவான். காயப்பட்டதையும் தாமதமாகவே அறிவான்.

3. எதை விடலாம், எதை விடலாகாது

"பட்டால்தான் தெரியும்" என்று முற்றிலும் கைவிடுவதும் தவறு. இன்சுலினைப் பல வேளை தவறவிட்டால் கீட்டோ அசிடோசிஸ் என்னும் ஆபத்து நேரிடலாம். வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்து வாங்கும் மூச்சு, மயக்கம் ஆகியன அதன் அறிகுறிகள். அப்போது காத்திராமல் 108ஐ அழைக்கவேண்டும். இது பாடம் கற்பிக்கும் வலியன்று. உயிரைப் பறிக்கும் வலி.

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணியைக் காயத்தில் கட்டும் செவிலியரைக் கவனியுங்கள். இறுக்கிக் கட்டினால் விரல் வீங்கிக் கறுக்கும். தளர்த்திக் கட்டினால் நழுவிவிடும். ஒவ்வொரு முறையும் காயத்தைப் பார்த்தே அவர் கட்டை மாற்றுகிறார். நாமும் பின்வரும் முறையில் படிப்படியாக மாற்றலாம். வயது ஒரு வழிகாட்டியே. எப்போது மாற்றுவது என்பதை மருத்துவருடன் பேசி முடிவு செய்யுங்கள்.

பத்து முதல் பன்னிரண்டு வயதுவரை: பிள்ளை தானே சர்க்கரை பார்க்கட்டும், ஊசி போடப் பழகட்டும். அளவைச் சரிபார்ப்பது பெற்றோரின் பணி. ஒரே இடத்தில் குத்தாமல் இடம் மாற்றிப் போடவேண்டும். இல்லையேல் தோலடியில் கட்டி விழுந்து மருந்து சரியாகச் சேராது.

பதின்மூன்று முதல் பதினைந்து வயதுவரை: ஊசியும் நோட்டும் பிள்ளையின் பொறுப்பு. ஊசி போடுவதைப் பெற்றோர் கண்ணால் பார்க்கவேண்டும், ஆனால் பேசாதிருக்கலாம். மருத்துவரின் கேள்விகளுக்குப் பிள்ளையே விடை கூறட்டும். விடை தவறானாலும் அவன் முடிக்கும்வரை பொறுத்திருங்கள்.

பதினாறு முதல் பதினெட்டு வயதுவரை: வாரத்தில் ஒரு நாள் இருவரும் அமர்ந்து நோட்டைப் பாருங்கள். மருந்து தீருமுன் வாங்குவதும், அடுத்த பரிசோதனைக்குப் பதிவு செய்வதும் அவன் வேலை. ஒவ்வொரு வருகையிலும் சில நிமிடங்கள் மருத்துவருடன் அவன் தனியே பேசட்டும். அதில் மனம் வருந்தவேண்டாம். உங்களிடம் சொல்லக் கூசுவதை அங்கே சொல்வான்.

சர்க்கரை 70 மி.கி.க்குக் கீழே இறங்கினால் செய்யவேண்டியதை அவனும், அவன் நண்பர் ஒருவரும் அறிந்திருக்கவேண்டும். மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையையோ குளுக்கோஸையோ நீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் பார்க்கவேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. நம் ஊர்ப் பால்கோவா இந்நேரத்திற்கு ஏற்றதன்று; அதிலுள்ள கொழுப்பு, சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும்.

4. எண்ணைப் பார்த்துக் குற்றஞ்சாட்டாதிருங்கள்

பூப்பெய்தும் பருவத்தில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன. ஆகவே கட்டுப்பாடாக இருக்கும் பிள்ளைக்கும் சர்க்கரை ஏறலாம். மருந்தின் அளவைக் கூட்ட நேரிடலாம். குளுக்கோமீட்டரில் 280 என்று கண்டவுடன் "என்ன தின்றாய்?" என்று கேட்டால், அடுத்த முறை அவன் மீட்டரையே மறைப்பான். "சரி, இப்போது என்ன செய்யலாம்?" என்று கேட்டால் அவன் சிந்திக்கத் தொடங்குவான்.

பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள், யார் செய்த பாவம் இது என்று கேட்டனர். அவனும் அல்ல, அவனைப் பெற்றோரும் அல்ல என்று இயேசு அக்கேள்வியையே தள்ளினார். "எனக்கு ஏன் இந்த நோய்?" என்று பிள்ளை கேட்கும்போது நம்மிடம் விடை இல்லாதிருக்கலாம். இல்லாத விடையைப் புனைந்து கூறவேண்டாம். அருகில் அமர்ந்து, அவன் கோபத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளை பேச்சையும் உறக்கத்தையும் குறைத்து, வாழ்வை வெறுத்துப் பேசினால் உடனே மருத்துவரிடம் கூறுங்கள். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 எந்நேரமும் உண்டு.

5. ஜெபமும் மருந்தும்

ஜெபித்தபின் இன்சுலினை நிறுத்திவிடும்படி எவர் கூறினாலும், நல்ல எண்ணத்தோடு கூறினாலும், அதற்குச் செவிகொடுக்கவேண்டாம். எசேக்கியா ராஜா வியாதிப்பட்டபோது அவருக்காகத் தீர்க்கதரிசியாகிய ஏசாயா அத்திப்பழ அடையைப் புண்ணின்மேல் போடச் செய்தார் (ஏசாயா 38:21). பவுலுடன் இருந்த லூக்கா ஒரு வைத்தியன். லெந்து காலத்தில் பிள்ளை உபவாசம் இருக்க விரும்பினால் முன்கூட்டியே மருத்துவரிடம் கேளுங்கள். காய்ச்சலால் உணவு செல்லாத நாளிலும் இன்சுலினை முழுமையாக நிறுத்தலாகாது. அடிக்கடி சர்க்கரை பார்த்து மருத்துவரின் ஆலோசனை பெறவேண்டும்.

6. ஒரு நாள் வழித்தூரம்

பன்னிரண்டு வயது இயேசு எருசலேமில் தங்கிவிட்டதை அறியாமல், யோசேப்பும் மரியாளும் ஒரு நாள் வழித்தூரம் சென்றுவிட்டனர். தேடித் திரும்பி, மூன்று நாளுக்குப்பின் தேவாலயத்தில் கண்டனர். அவர் கூறிய விடை அவர்களுக்கு விளங்கவில்லை. எனினும் தாய் அவற்றை மனத்தில் வைத்துக்கொண்டாள். மகன் அவர்களோடு நாசரேத்துக்குத் திரும்பிக் கீழ்ப்படிந்திருந்தார். நன்றாக வளர்த்த பெற்றோருக்கும் விளங்காத நாள் ஒன்று வரும் என்பதை இப்பகுதி மறைக்கவில்லை. அந்நாளில் அவர்கள் தேடினார்கள், கேட்டார்கள், விளங்காததையும் பொறுத்துக்கொண்டார்கள்.

பிள்ளை விடுதிக்குச் சென்றபின், தொலைபேசியில் முதற்கேள்வி "சுகர் எவ்வளவு?" என்பதாக இருக்கவேண்டாம். "இன்றைக்கு என்ன நடந்தது?" என்று கேளுங்கள். கொல்லிமலையிலிருந்து சென்ற கடிதங்களைப்போல, நம் சொற்கள் நமக்குப் பின்னும் பிள்ளையிடம் இருக்கும். அவற்றில் எண் மட்டுமே இருக்கலாகாது.

வீட்டில் சிந்திக்க:
அ. நம் பிள்ளையின் பராமரிப்பில் இம்மாதம் அவன் கையில் கொடுக்கக்கூடிய ஒரு வேலை எது?
ஆ. நாம் முந்திக்கொண்டு விடை கூறும் கேள்விகள் எவை?
இ. பிள்ளை உண்மையைச் சொன்னால் நாம் எவ்வாறு நடந்துகொள்வோம் என்று அவன் நினைக்கிறான்? அவனிடமே கேளுங்கள்.

ஜெபம்: ஆண்டவரே, எங்கள் கையில் தந்த பிள்ளைகளை உம்முடைய பிள்ளைகளென்று ஏற்கிறோம். பிடிக்கவேண்டிய நேரத்தில் பிடிக்கவும், விடவேண்டிய நேரத்தில் விடவும் எங்களுக்கு ஞானம் தாரும். நாங்கள் உடனில்லாத இடத்திலும் அவர்களைக் காத்தருளும். ஆமென்.